வானத்தில் நின்ற கடை

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தலை மறைக்குது."

"என் கடை வாசல்ல நான் நிக்கிறேன். மறைச்சா நீங்க தள்ளுங்க."

"நான் தள்ளினா காலையில இருந்து அளந்ததெல்லாம் தண்ணில கரைச்ச உப்பு..."

"கரையட்டும். நான் என்ன ஆசைப்பட்டா நிக்கிறேன்? பூட்டுக்குள்ள சாவி சிக்கிக்கிச்சு."

கோபமாகத்தான் திரும்பினாள் கண்ணாடிக் கடைக்காரி. தெருவின் எதிர்ப்பக்கம் மூன்று கால் வைத்த ஒரு மஞ்சள் கருவி. அதன் பின்னால் குனிந்தபடி ஒருவன். முகம் தெரியவில்லை. கலைந்த முடி தெரிந்தது, ஒரு காது தெரிந்தது... காதில் மாட்டியிருந்த மூக்குக்கண்ணாடியின் கம்பி, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டியிருந்ததும் தெரிந்தது. தொழில் புத்தி! ஆளைப் பார்க்கும் முன் கண்ணாடியைப் பார்க்கும் ஜாதி அவள்.

அப்போதுதான் தூறல் விழுந்தது.

அவன் அவசரமாகக் குடையை விரித்தான். கருவிக்குப் பிடித்தான். தான் நனைந்துகொண்டு நின்றான்.

கோபம் எங்கே போனதோ... அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடை மனுஷனுக்கா, மெஷினுக்கா?"

"மனுஷன் நனைஞ்சா காஞ்சுடுவான். இது நனைஞ்சா என் சம்பளம் நனைஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான். கண்ணாடியின் மேல் இரண்டு மூன்று மழைத்துளிகள். அவற்றுக்குப் பின்னால் கண்கள்... தூரத்தையே பார்த்துப் பழகிய கண்கள். பக்கத்தில் நிற்பவளைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு, திரும்பிப் போக மறந்துவிட்டன.

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு கண்ணும் இதுவரை அவளைக் குனியவைத்ததில்லை. இப்போது ஏனோ சாவியைக் குனிந்து பார்த்தாள்.

"அதுக்குள்ள என்ன தெரியும்?" என்று கேட்டாள், ஏதாவது கேட்கவேண்டுமே என்று.

"வந்து பாருங்களேன்."

போனாள். குடைக்குள் தலையை நுழைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கருவியில் வைத்தாள்.

தெருக்கோடி அப்படியே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது! டெய்லர் அத்தை தன் கடை வாசலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள். நூல் முனையை நாக்கில் நனைக்கிறாள். ஊசியின் காதுகூடத் தெரிகிறது... அந்தக் காதுக்குள் ஒரு பொட்டு வானம். தினமும் பார்க்கிற அத்தைதான். ஆனால் இவ்வளவு பொறுமையான விரல்கள் அவளுக்கு இருப்பதை இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"அய்யோ..." என்றாள்.

"எல்லாரும் முதல் தடவை இப்படித்தான் சொல்வாங்க," என்றான் அவன். "நான் இன்னும் தினமும் சொல்றேன். மனசுக்குள்ள."

மழை குடையில் தாளம் போட்டது. நன்றாகத்தான் இருந்தது... அந்தக் கேள்வியை மட்டும் அவள் கேட்காமல் இருந்திருந்தால்.

"எங்க தெருவை எதுக்கு அளக்குறீங்க?"

"பின்னாடி மைதானத்துல பெரிய கடை வரப்போகுதில்ல... அந்தக் கம்பெனிக்கு. நான் அவங்க சர்வேயர்."

அவள் கண்ணைக் கருவியிலிருந்து எடுத்தாள். குடையிலிருந்து வெளியே வந்தாள். மழையில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் என் தலை மறைச்சதுக்கே உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா இருந்துச்சே? உங்க கடை வந்தா எங்களுக்கு வானமே மறைஞ்சிடும். அதை எந்த மெஷின்ல பாக்குறது?"

விறுவிறுவென்று தெருவைக் கடந்து சாவியைத் திருகினாள். இவ்வளவு நேரம் அடம்பிடித்த பூட்டு, அவள் கோபத்துக்குப் பயந்ததோ என்னவோ, சட்டென்று திறந்துகொண்டது.

*

மைதானம் தெருவின் முதுகுப்பக்கம் இருந்தது. புல்லும் வானமும் தவிர அங்கே எதுவும் இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறை ஜன்னல் அதைப் பார்த்தபடிதான் திறக்கும். அந்த ஜன்னலோரம்தான் அப்பா உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பார். தேய்த்த ஒவ்வொரு லென்ஸையும் வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "விளக்கு வெளிச்சம் பொய் சொல்லும் பாப்பா. வானம் சொல்லாது," என்பார்.

அந்த வானத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

கம்பெனி கேட்டது சின்ன விஷயம்தான். நகர வரைபடத்தில் அந்த மைதானம் மஞ்சள் நிறத்தில் இருந்தது. மஞ்சள் என்றால் வீடுகளும் சின்னக் கடைகளும் மட்டும், இரண்டு மாடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது. அதை ஊதா நிறமாக மாற்றித் தாருங்கள் என்று நகர மன்றத்திடம் கேட்டிருந்தார்கள். ஊதா வந்துவிட்டால் எவ்வளவு உயரமும் எழும்பலாம், எவ்வளவு அகலமும் படுக்கலாம். துணி, மருந்து, ரொட்டி, செருப்பு, மூக்குக்கண்ணாடி... எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு நிறம் மாறினால் ஒரு தெரு காணாமல் போகும்.

ஆனால் மன்றத்தின் விதியில் ஒரு கதவு இருந்தது. நிறம் மாற்றும் முன் மன்றத்தார் அந்த இடத்துக்கே வந்து பார்க்கவேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அங்கேயே, அவர்கள் கண்முன்னே, தங்கள் கஷ்டத்தைக் காட்டலாம். ஒரே நிபந்தனை... காட்டுவது அளவு பிசகக் கூடாது. பிசகினால் ஆட்சேபம் அங்கேயே தள்ளுபடி.

"என்னத்தைக் காட்டுறது?" என்று தெருச் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் முழித்தார்கள். "பதினஞ்சு மீட்டர் உயரம்னு பேப்பர்ல இருக்கு. சரி, பெருசுதான் போலிருக்கு... அவ்ளோதானே தோணுது?"

கண்ணாடிக்காரிதான் சொன்னாள். "பவர் நம்பரைச் சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது. லென்ஸைக் கண்ணு முன்னாடி வெச்சாத்தான் 'அட'ம்பாங்க. நம்பரைக் கண்ணு முன்னாடி வெக்கணும்."

"எப்படிடி?" என்றாள் டெய்லர் அத்தை. தெருச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவள் கத்தரிக்கோலைவிட வாய்க்குக் கூர்மை அதிகம் என்று தெருவில் பேச்சு.

"பலூன் விடலாம் அத்தை. கட்டடத்தோட நாலு மூலையிலும். அந்த உயரத்துக்கு."

அத்தை இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள், வாளை வைப்பதுபோல. "கயிறு அளக்குறது என் பொறுப்பு. அளவு விஷயத்துல என்னை யாரும் ஒரு சொல் சொல்லிட முடியாது."

*

இரண்டாவது முறை அவன் வந்தது கொட்டும் மழையில். கையில் இரண்டு துண்டுகளாக மூக்குக்கண்ணாடி.

"நூலும் கைவிட்டுடுச்சு," என்றான், வாசலிலேயே நின்று. "இந்த ஊர்ல வேற கண்ணாடிக் கடை இல்லையாமே."

"இருக்காதுதான். உங்க கடை வந்ததும் இதுவும் இருக்காது."

கண்ணாடி இல்லாத அவன் முகம் அநியாயத்துக்குச் சின்னப் பையன் முகமாக இருந்தது. கோபத்தைப் பிடித்துவைக்க அவள் ரொம்பவே சிரமப்பட வேண்டியிருந்தது.

"உக்காருங்க. தாடையை இதுல வைங்க. நேரா பாருங்க."

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது நல்லா இருக்கா... இதுவா?"

"முதல்ல போட்டது."

"இதுவா... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நல்லா பாருங்க. ஒண்ணா இருக்காது."

"எழுத்து ஒண்ணாத்தான் இருக்கு. நீங்கதான் இதுல இன்னும் கொஞ்சம்..." நிறுத்திக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம்?"

"...கோவமா தெரியுறீங்க."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். அறை விளக்கை அணைத்தாள். கண்ணுக்குள் பார்க்கும் சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு அருகே குனிந்தாள். "அசையாதீங்க. என் காதுக்குப் பின்னால சுவர்ல ஒரு புள்ளி இருக்கு பாருங்க... அதையே பாருங்க."

எத்தனையோ கண்களுக்குள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் நொடி அவளை அசைத்துவிடும். கறுப்புப் பாவைக்குள் நுழைந்ததும் திடீரென்று விரியும் அந்தச் செம்பொன் வானம்! ஒரு ஓரத்தில் உதிக்கப்போகிற நிலவுபோல வெளிறிய வட்டம். அதிலிருந்து கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து, ஓடுகிற மெல்லிய சிவப்பு ஆறுகள். இவ்வளவு பெரிய உலகம் ஒரு மனிதனுக்குள், அவனுக்கே தெரியாமல் இருக்கிறது. அவன் அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவள் பார்த்துவிட்டாள்...

"என்ன தெரியுது?" என்று கேட்டான், மூச்சுவிடாமல்.

"அய்யோ..." என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருட்டில் அவன் சிரித்தது கேட்டது. "அது என் வசனம்."

"பாப்பா, யாரு?" பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தை நிறுத்திவிட்டு அப்பா எட்டிப் பார்த்தார். பின்னறையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில், சுவரோரம் அவன் சாய்த்து வைத்திருந்த கருவியின் முக்காலியைப் பார்த்தார். அதன் மேலிருந்த கம்பெனிப் பெயரையும் பார்த்தார். முகம் இறுகியது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கண்ணு தெரியலைன்னு வந்தவனுக்கு இல்லேன்னு சொல்ல மாட்டேன்," என்றார் நிதானமாக. "கண்ணாடி நானே தேய்ச்சுத் தரேன். நல்லதாவே தரேன். அது கைக்கு வந்ததும் தம்பி அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். என் ஜன்னலை மூட வந்தவன் கூட என் வீட்டுல யாரும் பேச்சு வெச்சுக்க வேண்டாம்."

கடைசி வாக்கியம் அவனுக்கு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

*

மன்றத்தார் வரும் நாளுக்கு முந்தைய சாயங்காலம், பலூன்களை ஒத்திகைக்கு ஏற்றினார்கள். சிவப்புப் பலூன்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். தெருவே மைதானத்தில் நின்று கைதட்டியது.

அவன் கண்ணாடி வாங்க வந்தவன், கடை பூட்டியிருப்பதைப் பார்த்து மைதானத்துக்கே வந்துவிட்டான். அவளும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டான். முதலில் தன் கைவிரல்களைப் பார்த்தான். புல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்... கொஞ்சம் அதிக நேரம். பிறகு அண்ணாந்து பலூன்களைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. முக்காலியை விரித்துக் கருவியில் கண்ணை வைத்தான்.

"உயரம் அதிகமா இருக்கு," என்றான் மெதுவாக.

"என்னது?"

"நாலு பலூனும். ஒரு கை நீளம் அதிகம்."

அவள் முகம் பலூனைவிடச் சிவந்தது. "யாரு சொல்லி அனுப்பிச்சாங்க? உங்க வக்கீலா?"

"யாரும் அனுப்பலை. நாளைக்கு மன்றத்துக்கு முன்னாடி வக்கீல் என்னைத்தான் அளக்கச் சொல்லப் போறார். அளந்தா இருக்கறதைத்தான் சொல்வேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் இன்னைக்கே சொல்றேன்."

"எங்க அத்தை முப்பது வருஷமா அளவெடுக்கிறாங்க. உங்க மெஷினுக்கு என்ன வயசு? அளவு தப்புன்னு சொல்லி எங்களைக் குழப்பிவிட்டு, நாங்க கயிறைக் குறைச்சதும் உங்க கடையைக் குட்டையா காட்டலாம்னு பாக்குறீங்களா?"

அவன் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டான். "கண்ணாடி ரொம்ப நல்லா இருக்கு. உங்க அப்பாகிட்ட சொல்லுங்க," என்றான். போய்விட்டான்.

அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்து நின்றாள். நல்ல பதில் கொடுத்துவிட்ட திருப்தி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தக் குரல்தான் வந்தது... 'எனக்குப் பொய் சொல்ல வராது.' அந்தக் கண்ணுக்குள் அவள் பார்த்திருக்கிறாள். அங்கே பொய்க்கு எங்கே இடம் இருந்தது?

நேரே டெய்லர் அத்தையிடம் போனாள்.

"அத்தை, கயிறை எப்படி அளந்தீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

"இதென்னடி சோதனை, பரீட்சைக்கு முன்னாடி?" என்று முணுமுணுத்தபடி அத்தை நைலான் கயிற்றை எடுத்தாள். டேப்பை அதன் மேல் ஓடவிட்டாள். டேப் முடிந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். அதற்கு அப்பால் நான்கு விரல்களைக் கயிற்றின் மேல் வைத்து, அந்த நான்கு விரலும் தாண்டி அடையாளம் போட்டாள். அங்கிருந்து அடுத்த டேப்.

"இது என்ன... இந்த நாலு விரல்?"

"எது?"

"இப்ப விட்டீங்களே."

அத்தை தன் விரல்களைத் தானே முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தையலுக்கு விடுறதுடி. தையலுக்கு விடாம யாராவது..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுபோனாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அய்யய்யோ," என்றாள் அத்தை, பாதிக் குரலில். "பலூனுக்கு எங்கடி தையல்? கை தானா செஞ்சிருக்கே... நாளைக்கு எல்லார் முன்னாடியும் தலை உருண்டிருக்குமே!"

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்க முடியாமல் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாருடி கண்டுபிடிச்சது?"

"...அவர்தான்."

"எந்த அவர்?" அத்தை அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அளவெடுக்கிற பார்வை. "ஓஹோ. முக்காலித் தம்பியா? நேத்து வரைக்கும் 'அவன்'னு சொல்லிட்டிருந்தே. இன்னைக்கு 'அவர்' ஆயிட்டாரா? சரி சரி, கத்தரிக்கோலை எடு. அதை அப்புறம் தைக்கலாம்."

*

காலையில் காற்றே இல்லை. இரவெல்லாம் பெய்த மழை வானத்தைத் துடைத்து வைத்திருந்தது. ஒரு இலை அசையவில்லை.

மன்றத்தார் ஈரப் புல்லில் வந்து நின்றார்கள். மன்றத் தலைவி நரைத்த முடியும் தடித்த கண்ணாடியுமாக, எதற்கும் சீக்கிரம் தலையாட்டாதவள். கம்பெனி வக்கீல் பளபளக்கும் காலணியில் சேறு படாமல் நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் அவன். புதுக் கண்ணாடியுடன். அவளைப் பார்க்கவில்லை.

"ஏத்துங்க," என்றாள் டெய்லர் அத்தை.

நான்கு மூலைகளிலும் கயிறுகள் கைகளிலிருந்து நழுவின. பலூன்கள் எழுந்தன.

நேற்றும் பார்த்ததுதான். ஆனால் நேற்று காற்று இருந்தது. பலூன்கள் ஆடின, விளையாட்டாக இருந்தது. இன்று அவை ஆடவில்லை. நேரே, சத்தமே இல்லாமல், ஒரு முடிவோடு எழுந்தன. வீட்டு ஜன்னல்களைத் தாண்டின. கூரைகளைத் தாண்டின. தெருவின் மிக உயரமான மரத்தைத் தாண்டிப் போய் நின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அத்தை கட்டியிருந்த சிவப்பு நாடா இறுகி நிமிர்ந்தது. அவ்வளவுதான்... வானத்தில் ஒரு கட்டடம் நின்றது.

சுவர் இல்லை. கூரை இல்லை. ஆனாலும் நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, யாரும் வார்த்தையில் சொல்லிவிட முடியாத பெரிதாக. இவ்வளவு பெரியதைக் கற்பனை செய்ய மனிதனால் முடிந்திருக்கிறதே என்று ஒரு பயம் வந்தது. அதைக் கோடு போட்டுக் காட்ட ஒரு தெருவால் முடிந்திருக்கிறதே என்று ஒரு சிலிர்ப்பும் வந்தது. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒரு குழந்தை மட்டும், "இவ்ளோ பெருசா?" என்றது.

அப்பா தன் பின்னறை ஜன்னலில் நின்றிருந்தார். கையில் ஒரு லென்ஸ். வழக்கம்போல அதை வானத்துக்குத் தூக்கினார். அங்கே நாடா ஓடிக்கொண்டிருந்தது. கையை இறக்கிவிட்டார்.

வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். "அழகான காட்சி. ஆனா அளவு சரியான்னு பாக்கணுமில்ல? எங்க சர்வேயர் அளக்கட்டும்."

அவன் கருவியில் கண்ணை வைத்தான். ஒவ்வொரு பலூனாக அவன் போய் வந்தது, அவள் நெஞ்சின் மேல் நடந்தது போலிருந்தது.

நிமிர்ந்தான். "சரியா இருக்கு. விரல்கடை பிசகில்லை."

அந்த 'விரல்கடை'யைச் சொல்லும்போது மட்டும் அவள் பக்கம் பார்த்தான். அவளுக்கு வானம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

தலைவி தன் தடித்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "அப்போ தம்பி, கட்டடம் கட்டி முடிச்சா இவ்ளோதான் உயரமா இருக்கும்? இதுக்கு மேல ஒண்ணும் இல்லையே?"

"இல்லை இல்லை," என்றார் வக்கீல்.

"நான் அவரைக் கேட்டேன்."

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பார்த்த பார்வையில் ஒரு மாதச் சம்பளமும் அடுத்த வேலையும் இருந்தன. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரும்ப மாட்டிக்கொண்டான்.

"இருக்குங்க," என்றான். "கூரைக்கு மேல விளம்பரப் பலகை வருது. அது இந்த உயரத்துல சேராது. அதையும் சேர்த்தா இன்னும் மேல போகும்."

"எவ்ளோ மேல? காட்ட முடியுமா?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். நேற்றைக்குப் பிறகு முதல்முறையாக அவளிடம் பேசினான். "உங்க கயிறுல மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"முன்பக்க மூலைக்கு வாங்க. நான் சொல்லும்போது விடுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

முடிச்சை அவிழ்த்தாள். அவன் கருவியில் கண்ணை வைத்து, ஒரு கையை மட்டும் காற்றில் நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்து மெல்ல உயர்ந்தது. கயிறு அவள் விரல்களுக்கு நடுவே ஓடியது. பலூன் எழுந்தது.

"இன்னும்..."

விட்டாள்.

"இன்னும் கொஞ்சம்..."

அத்தனை தலைகளும் பின்னால் சாய்ந்துகொண்டே போயின. அவள் மட்டும் மேலே பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சொன்னபடி அவள் விரல்கள் நடந்தன. இருவருக்கும் நடுவே ஒரு மைதானம் இருந்தது. ஆனாலும், யாரும் அவ்வளவு பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்ததில்லை என்று தோன்றியது.

"இன்னும்... இன்னும்... நில்லுங்க."

கை மூடியது. பலூன் நின்றது. அப்போதுதான் அவள் அண்ணாந்தாள். கிழக்கே ஏறிக்கொண்டிருந்த சூரியனை அது தொட்டு, நெருப்பாகச் சிவந்து, ஒரு புள்ளியாக நின்றது. அதன் நிழல், எவ்வளவோ தூரம் தள்ளி, கண்ணாடிக் கடையின் ஜன்னலில் விழுந்திருந்தது.

தலைவி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, எதற்கும் சீக்கிரம் தலையாட்டாதவள், தலையாட்டினாள். மன்றத்தார் அங்கேயே, ஈரப் புல்லிலேயே கை தூக்கினார்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று முடிவானது.

அத்தை இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து முத்தமிட்டாள். பிறகு தன் நான்கு விரல்களைப் பார்த்து, "உங்களை அப்புறம் பேசிக்கறேன்," என்றாள்.

*

சாயங்காலம் மறுபடி மழை.

அவன் தோளில் பையோடு வந்தான். கருவி இல்லை, அது கம்பெனியுடையது, வாங்கிக்கொண்டுவிட்டார்கள். வேலையையும் சேர்த்து. அன்று முதன்முதலில் முக்காலி வைத்த அதே இடத்தில், தெருவுக்கு எதிர்ப்பக்கம், நனைந்தபடி நின்றான்.

அவள் கடை வாசலுக்கு வந்தாள். "குடை எங்கே?"

"அது மெஷினோட குடை. அதோட போயிடுச்சு."

சிரித்துவிட்டாள். கண் கலங்கியது. மழையில் தெரியாது என்ற தைரியத்தில் அப்படியே தெருவைக் கடந்து அவன் எதிரே போய் நின்றாள்.

"நேத்து நான் பேசினது..."

"நல்லாத்தான் பேசினீங்க. மெஷினுக்கு என்ன வயசுன்னு நானே கேட்டுப் பார்த்ததில்லை."

"கிண்டல் பண்ணாதீங்க. எங்களால உங்க வேலை போச்சு."

"உங்களால இல்லை. உங்க அப்பாவால. அவ்ளோ தெளிவா ஒரு கண்ணாடி தேய்ச்சுக் குடுத்துட்டார். அதை மாட்டிக்கிட்டு, பலகையைப் பாக்கலைன்னு எப்படிச் சொல்றது?" தரையைப் பார்த்தான். பிறகு அவளை. "ஒண்ணு சொல்லணும். பஸ்ஸுக்கு முன்னாடி. அன்னைக்கு உங்க தலை மறைக்குதுன்னு சொன்னேனில்ல?"

"ம்..."

"பொய். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு சொன்னதே அதனாலதான். ஒண்ணே ஒண்ணு சொன்னேன், அதுவே இத்தனை நாளா தூங்கவிடலை. உங்க தலை எதையும் மறைக்கலை. நான் அளக்க வேண்டியது நல்லா தெரிஞ்சுது. நான்தான் அதைப் பாக்கலை. சாவியோட சண்டை போடுற உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன். எவ்ளோ தூரமோ பாத்திருக்கேன்... இவ்ளோ பக்கத்துல பாக்குறதுக்கு ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

மழை நின்று கேட்டதோ... சத்தம் குறைந்தது போலிருந்தது. கடைக்குள் அப்பாவின் சக்கரமும் எப்போதோ நின்றிருந்தது.

"பாப்பா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. கனத்த குரல்தான். "நான் தேய்ச்ச கண்ணாடியில மழைத்தண்ணி நிக்கிது. உள்ள கூப்பிட்டுத் துடைச்சுக் குடு. வாசல்ல வெச்சு என்ன பேச்சு?"

அவள் திகைத்துத் திரும்பினாள். திறந்திருந்த கடைக் கதவு வழியே, பின்னறை ஜன்னலோரம் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு லென்ஸை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். மழை வானத்தில் என்னத்தைப் பார்க்கிறாரோ...

தெருமுனையில் பஸ் வெளிச்சம் திரும்பியது. அவன் பையைத் தோளில் சரிசெய்தான். போகிற மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது.

கைக்குட்டையை எடுத்தாள். அவன் கேட்கும் முன்பே, எட்டி, அவன் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே, துடைப்பதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"புதுக் கண்ணாடி போட்டா ஒரு வாரம் கழிச்சு மறுபடி கண்ணைப் பாக்கணும். அது எங்க கடை வழக்கம்."

"ம்..."

"அப்புறம் ஆறு மாசம் கழிச்சு. அப்புறம் வருஷா வருஷம். வயசாக ஆக இன்னும் அடிக்கடி பாக்கணும். ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்துட்டிருக்க முடியாது..."

கண்ணாடியை அவன் காதுகளில் மெல்ல மாட்டிவிட்டாள். அந்தக் கண்கள் இந்த முறை அவளைத் தேடவே இல்லை. ஏற்கெனவே அங்கேதான் இருந்தன.

"...இந்தத் தெருவுலயே இருந்துடுங்களேன்?"